கட்டத்துக்குள் நடுங்கவும்

"ஊசியில நூல் கோக்க முடியலைங்கறேன், நீங்க..."

"வெளிச்சம் பத்தலைம்மா, ஜன்னல் பக்கமா போய்..."

"ஜன்னல்ல உட்கார்ந்துதான் சொல்றேன். கையைப் பாருங்க. நான் ஆட்டலை, அதுவா ஆடுது."

"அப்படி ஆடாது. ரொம்ப அரிது."

"எது அரிது?"

"உன் கை ஆடறது."

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு மருந்து என்று சொல்பவர்கள் விவரம் போதாதவர்கள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டுதான் அது. மருந்து மனிதனைக் குணப்படுத்தும். துண்டுச்சீட்டோ மருந்தையே குணப்படுத்திவிடும். அப்படியொரு சீட்டில், எறும்பு ஊர்ந்த தடம் போன்ற பொடி எழுத்தில், 'மிக அரிதாகக் கை நடுக்கம்' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைப் பதினோரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வருபவர், ஜன்னலோரம் ஊசியோடு உட்கார்ந்திருந்த தையற்காரியின் கணவர். மருந்துக் கம்பெனியின் 'பக்கவிளைவுப் பதிவுப் பிரிவு' கண்காணிப்பாளர். அவர் காவலிருக்கும்வரை 'மிக'வையும் 'அரிதாக'வையும் எந்த நோயாளியாலும் அசைக்க முடிந்ததில்லை.

மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. அரிப்புக்கும் தடிப்புக்கும் என்று பிறந்தது. பிறகு பதவி உயர்வு பெற்று மனப்பதற்றத்தையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து தையற்காரிக்கு நெஞ்சு படபடத்தது. டாக்டர் அதைத்தான் எழுதினார். "நம்ம வீட்டு மாத்திரை" என்று கணவர் பெருமைப்பட்டார். படபடப்பு நெஞ்சை விட்டு இறங்கியது உண்மை. மூன்றாம் வாரம் அது விரலுக்கு வந்து சேர்ந்தது. பள்ளிச் சீருடைக்காகத் தைத்த சட்டைக் காலர் ஒன்று அலையடித்தது. அறுபது சட்டை பாக்கி. இருபது வருடத் தொழில், ஒரு விரல் நடுக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் சீட்டைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை.

"மிக அரிதுன்னு போட்டிருக்கேம்மா. கம்பெனியில பதிவாகட்டும், வேற மாத்திரை எழுதறேன். நீங்களா நிறுத்திடாதீங்க."

அதைத்தான் அவள் ஜன்னலோரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்க பிரிவுதானே. ஒரு வரி பதிவு பண்ணுங்களேன்."

"நான் பண்ணக் கூடாது. சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டின மாதிரி ஆயிடும்."

"கை நடுங்கறது சலுகையா?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார், தலையில் எழுதியதைச் சொல்வதுபோல.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தையற்காரி கம்பெனியின் கவுன்ட்டர் முன்னால் நின்றாள். பக்கவிளைவைப் பதியும் பாரங்களைப் பெற்றுக்கொள்ளும் பெண் நான்கு பக்கத் தாளை நீட்டினாள். பக்கமெல்லாம் கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம்.

"கறுப்பு மையில எழுதுங்கக்கா. எழுத்து கோட்டைத் தொடக் கூடாது. பேர் எழுதாதீங்க, ரகசியம்."

"வயசு?"

"வேண்டாம். வயசை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சுடுவாங்க."

"அப்ப நான் சொல்றேன், நீங்களே எழுதிக்கங்க. கை நடுங்குது."

"நான் எழுதினா அது 'கேள்விப்பட்ட செய்தி'. உங்களுக்கு நடுங்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தையற்காரி வலக்கையைக் கவுன்ட்டர்மேல் வைத்தாள். பக்கத்திலிருந்த குண்டூசி டப்பா கிணுகிணுத்தது. அந்தப் பெண் அக்கறையாகக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் நடுங்குது. ஆனா பாரத்துல வரணுமேக்கா."

தையற்காரி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். எதிரே கூட்ட அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இயக்குநர் பேசுவது நன்றாகக் கேட்டது.

"இந்த வருஷமும் நடுக்கம் பூஜ்யம். ஒரு கைகூட ஆடலை. கண்காணிப்பாளருக்கு நம்ம எல்லார் சார்பாவும் பாராட்டு."

கைதட்டல். அந்தச் சத்தத்தில் தையற்காரியின் பேனா கட்டம் தாண்டிக் குதித்தது.

"வராத நடுக்கத்துக்கு எதுக்கு சார் ஒரு வரி?" என்றார் விற்பனை மேலாளர். "எடுத்துட்டு அங்கே ஒரு பூ போடலாம். பயப்படறவங்க சாப்பிடற மாத்திரை. அவங்களைப் போய் நாமளே பயமுறுத்தறதா?"

எத்தனை கருணை. அறையே நெகிழ்ந்துபோனது. ஆண்டு அறிக்கை கண்காணிப்பாளர் முன் நகர்ந்து வந்தது. கதவிடுக்கு வழியே அவள் கணவரைப் பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்தார். ஒரு கணம் நிறுத்தினார். நேற்று ஜன்னலோரம் பார்த்தது கணவர். இன்று கையெழுத்திட வேண்டியவரோ கண்காணிப்பாளர். இருவரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத நேர்மைக்குப் பெயர் போனவர் அவர். கையெழுத்து கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தையற்காரி எழுந்தாள். 'நடுக்கம்' என்ற ஐந்தெழுத்துச் சொல் எட்டுக் கட்டங்களில் பரந்து குடித்தனம் நடத்தியது. பாரம் பெறும் பெண் அளவுகோலை வைத்துப் பார்த்தாள், உச்சுக்கொட்டினாள், 'தெளிவின்மை: பரிசீலனைக்கு உரியதல்ல' என்ற முத்திரையைக் குத்தி, பச்சைக் கோப்பில் செருகினாள்.

"என்னம்மா இது?"

"எழுத்தெல்லாம் கோட்டைத் தொடுதுக்கா. கை நடுங்காம எழுதிக் கொண்டு வாங்க, உடனே எடுத்துக்கறோம்."

"கை நடுங்கலைன்னா நான் எதுக்கு வரேன்?"

"அப்ப வரவே வேண்டாமே" என்றுவிட்டு, பிரச்சினை தீர்ந்த நிம்மதியோடு டீ குடிக்கப் போனாள் அவள்.

பச்சைக் கோப்பு கவுன்ட்டரிலேயே கிடந்தது. தலையணை கனம். தையற்காரி அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு கணவரின் அறைக்குள் நுழைந்தாள்.

கண்காணிப்பாளர் பாராட்டின் சூடு ஆறாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "நீ எங்கே இங்கே? அதைத் தொடாதே, ரகசியம்."

"பேர்தான் இல்லையே, என்ன ரகசியம்?"

மேசையில் விரித்தாள். பழுதான தையல் மெஷினில் துணி கொடுத்தது போல ஒவ்வொரு தாளிலும் கோணல் மாணலாக எழுத்து இழுபட்டிருந்தது. 'டம்ளர் பிடித்தால் பாதி சிந்துகிறது.' 'சவரக் கத்தி எடுக்கப் பயமாக உள்ளது, வாடிக்கையாளர் கழுத்து.' 'குழந்தைக்குச் சொட்டு மருந்து ஊற்ற முடியவில்லை.' எல்லாவற்றின் தலையிலும் அதே முத்திரை.

"இத்தனை பேரும் எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க பூஜ்யம்னு கையெழுத்துப் போட்டீங்க."

"படிக்க முடியாததை எப்படிம்மா கணக்குல எடுத்துக்க முடியும்?"

"நான் படிச்சேனே இப்ப."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி, வம்பு வேண்டாம். உன்னோடதை மட்டும் எடு. நானே முத்து முத்தா எழுதி உள்ளே வச்சுடறேன். டாக்டர் மாத்திரையை மாத்திடுவார். மத்ததை அப்படியே கொண்டு போய் வச்சுடு. நீ வேற, அவங்க வேறம்மா."

"விதின்னீங்களே."

"பொண்டாட்டிக்குன்னா வளைஞ்சுதான் ஆகணும்."

பதினோரு வருடத்தில் விதி முதல்முறையாக வளைந்தது. எப்பேர்ப்பட்ட பாசம். தையற்காரி தாள்களையெல்லாம் அள்ளினாள், சீட்டுக்கட்டுபோலக் கலைத்தாள், நடுங்கும் கையால் மேசை முழுக்கப் பரப்பினாள். அவர் ஒரு தாளை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் வைத்தார்.

"எடுங்க," என்றாள் அவள். "இதுல உங்க பொண்டாட்டி யாரு?"