பிடிக்கம்பு சங்கத்தின் பத்திரமான நிதி

கொடுத்துக் கொடுத்தே ஓட்டாண்டியான தர்மப் பிரபுக்கள் உலகத்தில் ஏராளம். கொடுக்காமலே தர்மத்தை வளர்த்த மகான் ஒருவர்தான். அவர் கூவனேந்தல் சாமித்துரை. சரித்திரம் எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிட்டார்கள் என்றால் அது சரித்திரத்துக்குத்தான் நஷ்டம். சாமித்துரைக்கு நஷ்டம் என்பதே ஆகாது.

கூவனேந்தல், நாகலாபுரத்துக்குக் கிழக்கே, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஊர். அங்கே 'ஏழை எளியோர் பிடிக்கம்பு தர்ம சகாய சங்கம்' என்று ஒன்று நடந்துவந்தது. பெண்கள் கம்பு குத்த எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போடுவார்கள். மாசக் கடைசியில் சங்கம் அதை இலவசமாக வசூலித்து விற்றுக் காசைக் கோவில்பட்டி பாங்கியில் ஏற்றும். ஏறிய காசு இறங்குவது கிடையாது. ஒன்பது வருஷத்தில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் சேர்ந்திருந்தது. பொக்கிஷதார் சாமித்துரை பாஸ் புஸ்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றிவைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் காட்டுவார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம். ஏற்கெனவே இரண்டு வருஷமாக வானம் கையை விரித்திருந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம், யாரைக் கேட்டு வந்ததோ, மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிந்ததும் தெரசம்மாள் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள். பேபி என்று ஒரு மகளும், ஏறக்குறைய இரண்டு ஏக்கர் வரும் இரண்டு குறுக்கம் நிலமும்தான் அவளுக்குச் சொத்து.

"அண்ணாச்சி, மண்ணுல ஈரப்பதம் நாலு நாளைக்குத்தான் நிக்கும். வெதைக்கம்பையும் போன மாசமே குத்திக் காய்ச்சிட்டோம். வெதைக்கும் ஏர்க்கூலிக்கும் பதினெட்டு ரூவா குடுத்தியள்னா, அறுத்ததும் தந்துருதேன். இந்த மழையையும் விட்டா நெலத்தை வித்துட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போணும்."

சாமித்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. பதினெட்டைக் கழித்தால் பாக்கி என்ன என்று மனசுக்குள் பார்த்துவிட்டார், பாவம்.

"ஏழாம் விதி இருக்கே, தெரசம்மா! 'எதிர்பாராத ஆபத்துக்கு மட்டும்' நிதியைத் தொடலாம்னு போட்டிருக்கு. வறட்சி நம்மூர்ல எதிர்பாராததா? வருஷா வருஷம் எதிர்பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

"அப்ப மழை எதிர்பாராததுதானே, அண்ணாச்சி?"

சாமித்துரை ஒரு நிமிஷம் ஆடிப்போனார். ஆனாலும் அனுபவஸ்தர் அல்லவா?

"மழை எதிர்பாராததுதான். ஆனா அது ஆபத்து இல்லையே!"

இப்படிப்பட்ட சட்டச் சிக்கலைத் தனியொருவர் தீர்ப்பது முறையல்ல என்று உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். அவசரக் கூட்டத்துக்கு விதிப்படி மூன்று நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். கொடுத்தார்.

நாலாம் நாள் கூட்டம், ஏழைகளுக்காக இரண்டு நிமிஷ மௌனத்தோடு தொடங்கியது. தலைவர் மந்திரமூர்த்தி பஞ்சுத் தரகர், இளகிய மனசுக்காரர்.

"வே சாமித்துரை, பதினெட்டு ரூவாதானவே? குடுத்துத் தொலையும்."

"குடுக்கலாம் அண்ணாச்சி. நாளைக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் வந்தா?"

"வந்தா அப்பக் குடுப்போம்."

"அதுக்கடுத்து அதைவிடப் பெருசா ஒண்ணு வந்தா?"

"அதுவும் வாஸ்தவந்தான்" என்றார் மந்திரமூர்த்தி.

ஆனாலும் ஏழை மனசு நோகக் கூடாதே! தெரசம்மாள் நிலத்தில் ஈரம் உண்டா என்று 'நேரில் கண்டறிய' ஓர் உபகமிட்டி அமைத்தார்கள். உபகமிட்டிக்கு வண்டி கிடைத்தது ஆறாம் நாள். சாமித்துரை கைத்தடியை நிலத்தில் ஊன்றினார், தடி இறங்கவில்லை. 'நிலத்தில் ஈரமில்லை. ஆகவே விதைக்கு அவசியம் ஏற்படவில்லை' என்று அங்கேயே அறிக்கை எழுதி முடித்தார். பதினெட்டு ரூபாய் தப்பித்தது.

"ஈரம் இருந்துச்சு அண்ணாச்சி. ஒங்க கூட்டம் முடியுத மட்டும் நெலம் பொறுக்குமா?" என்று சொல்லி, தெரசம்மாள் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பேபிக்கு அம்மாவை எப்படித் தேற்றுவதென்று தெரியவில்லை.

பிறகு மழையே இல்லை. ஐப்பசியோடு அவள் நிலத்தை விலை சொல்லிப் பார்த்தாள். வாங்க நாதியில்லை. செய்தி காதில் விழுந்ததும் சாமித்துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவ்வளவு பணத்தையும் பாங்கியை நம்பியே போட்டுவைப்பது எத்தனை ஆபத்து! பாங்கி இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பூட்டும். நிலத்தை எவன் தூக்கிக்கொண்டு ஓட முடியும்? 'நிதியைப் பத்திரப்படுத்தும்' தீர்மானம் அரை மணி நேரத்தில் நிறைவேறியது. அதற்கு நோட்டீஸ் எதுவும் தேவைப்படவில்லை. முன்பு இருநூறு ரூபாய்க்குப் போன குறுக்கம் எழுபதுக்கு முடிந்தது.

பதிவு ஆபீசில் தெரசம்மாள் பெருவிரல் ரேகை வைத்தாள். சாமித்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாத்தியளா? ஒங்களைச் சங்கம் கைவிட்டுருமா?"

அவள் விரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒம்பது வருசம் நானும் அள்ளிப் போட்டேன், அண்ணாச்சி. என் கம்பை வித்த காசுலயே என் நெலத்தை வாங்கிட்டியளே!"

'விற்றவர் சங்கத்துக்கு நன்றி தெரிவித்துக்கொண்டார்' என்று சாமித்துரை நடவடிக்கைப் புத்தகத்தில் குறித்தார். அன்றைக்கே தாயும் மகளும் தீப்பெட்டி வேலைக்குக் கோவில்பட்டி பஸ் ஏறினார்கள்.

மறு வருஷம் புரட்டாசியில் மழை பெய்தது. மறுநாள் காலையில் வேதமாணிக்கம் என்ற, உழுது பிழைக்கும் சம்சாரி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விதைக்கு உதவி கேட்டு வந்தான். ஏழாம் விதியைக் கேட்கத் தயாராகத்தான் வந்திருந்தான். ஆனால் சாமித்துரை விதியைப் பற்றி வாயே திறக்கவில்லை. தாமே பாயை உதறி விரித்தார். உள்ளேயிருந்து மோர் வரவழைத்துக் கொடுத்தார். பிள்ளைகுட்டிகளின் சௌக்கியம் விசாரித்தார். இவ்வளவு கருணையைச் சங்கத்தில் கண்டறியாத வேதமாணிக்கம் மோரைக் குடித்துவிட்டு எழுந்து கும்பிட்டான்.

சாமித்துரை அவன் தோளில் கையைப் போட்டு, ஆதரவாகக் கேட்டார்:

"கவலைப்படாதயும்வே. சங்கம் இருக்கதே ஒம்ம மாதிரி ஆளுகளுக்காகத்தான். சொல்லும், ஒமக்கு நெலம் எத்தனை குறுக்கம்?"