அக்கா, இதுக்கு ஏதாவது இருக்கா?

"தேதியை அழகா எழுதிக் காட்டற பேக்கேஜுக்கு 'பூனைக்குட்டி'ன்னு பேர் வச்சா எவன் கண்டுபிடிப்பான்?" என்று குழுத் தலைவர் தொலைபேசியில் கத்தினார். "புதுசா வர்றவங்க தேடிப் பார்த்துட்டு, இந்த மொழியில ஒண்ணுமே இல்லைன்னு ஓடிடறாங்க. நீங்கதான் ஏதாவது பண்ணணும்க்கா."

மொழி என்று அவர் சொன்னது, கணினி நிரல் எழுதும் ஒரு பழைய மொழியை. அதில் பிறர் எழுதி வைத்த சின்னச் சின்ன நிரல்களை, அதாவது பேக்கேஜ்களை, இலவசமாக எடுத்து நம் வேலையோடு ஒட்டிக்கொள்ளலாம். எதற்கு எது என்பது அக்காவுக்குத்தான் அத்துப்படி. அந்த மொழியில் எழுதுகிறவர்கள் கூடும் இணையக் குழுவில், தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான்.

காலையில் காபியோடு கணினியைத் திறந்தால் கேள்வி காத்திருக்கும். "அக்கா, படத்தைச் சின்னதாக்க ஏதாவது இருக்கா?" அக்கா பதில் போடுவார். அதற்குள் இன்னொருவர் நுழைவார். பேச்சு யாரோ ஒருவரின் கழுத்து வலிக்குத் தாவும். ஒருமுறை இன்னொருவரின் மகளுக்குப் பெயர் வைப்பதில் போய் முடிந்தது. அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

சரி, பேக்கேஜ்களைத் தேடும் இணையப் பக்கத்தைச் சீராக்குவோம் என்று அக்கா உட்கார்ந்தார். 'உங்கள் பேக்கேஜ் என்ன செய்யும் என்று ஒரு வரி எழுதுங்கள்' என்று எல்லோரையும் கேட்டார்.

பூனைக்குட்டிக்காரர் எழுதினார்: "என் பூனை ஞாபகமாக."

"அது என்ன செய்யும்னுதானே கேட்டேன்?"

"தூங்கும்க்கா. பாவம், போயிடுச்சு."

அக்காவுக்கு அதற்கு மேல் அதட்ட மனம் வரவில்லை. வரி வேண்டாம், 'தேதி', 'படம்' என்று ஒரு குறிச்சொல் போதும் என்றார். தங்கள் பேக்கேஜ் விடுபட்டுவிடக் கூடாதே என்று ஆளுக்கு ஆள் எல்லாக் குறிச்சொல்லையும் அள்ளிப் போட்டார்கள். 'தேதி' என்று தேடினால் சதுரங்கம் வந்தது.

"சதுரங்கத்துல தேதிக்கு என்ன வேலை?"

"என்னைக்கு ஆடினோம்னு தெரிய வேண்டாமாக்கா?"

அதிகம் பேர் எடுத்துக்கொண்ட பேக்கேஜைத் தேடலில் மேலே வைத்துப் பார்த்தார். அவரவர் சொந்தப் பேக்கேஜை அவரவரே திரும்பத் திரும்ப எடுத்துத் தள்ளினார்கள். ஒரே வாரத்தில் முதலிடத்துக்கு வந்தது, திரையில் 'வணக்கம்' என்று காட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு பேக்கேஜ். தலைவர் மறுபடி கத்தினார்.

கடைசியில் அக்கா மழைக்காலம் முழுக்க வீட்டில் அடைந்துகிடந்து, ஒவ்வொரு பேக்கேஜாக ஓட்டிப் பார்த்துத் தானே எல்லாவற்றுக்கும் ஒரு வரி எழுதினார். இப்போது எதைத் தேடினாலும் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

"பிரமாதம்க்கா! இனிமே யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றார் தலைவர்.

உண்மைதான். மறுநாள் காலை குழுவில் கேள்வி இல்லை. அடுத்த நாளும் இல்லை. காபி ஆறியது. கழுத்து வலி என்ன ஆனது என்று கேட்கலாம்தான். பேக்கேஜ் எதுவும் கேட்காதவரிடம் கழுத்தை மட்டும் எப்படி விசாரிப்பது?

"நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேங்க" என்றார் கணவரிடம். கணவருக்கு நிரல் என்றால் என்னவென்றே தெரியாது. குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கு மனைவியோடு போய், நாற்காலி அடுக்கிவிட்டு, எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு வருவார்.

"நல்லா ஓய்வெடேன்" என்றார் அவர்.

அக்கா ஓய்வெடுக்கவில்லை. பழைய கேள்விகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, குழுவில் 'மீசை' வந்தார். அவருடைய இயற்பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் மீசைதான்.

"அக்கா, 25ன்னு எண் கொடுத்தா 'இருபத்தைந்து'ன்னு எழுத்தால எழுதிக் காட்ட ஏதாவது இருக்கா?"

தேடினால் முதல் வரியிலேயே வரும். 'தேடிப் பாருங்க' என்று தட்டிய அக்கா, அவசர அவசரமாக அதை அழித்தார். அந்தப் பேக்கேஜ் இருக்கும் பக்கத்தை அனுப்பினார். எப்படி ஒட்டுவது, எங்கே இடறும், எல்லாம் விலாவாரியாக எழுதினார். "யார் எழுதினாங்களோ, கையெடுத்துக் கும்பிடணும். அவ்வளவு சுத்தமான வேலை" என்றும் சேர்த்தார்.

மீசை உருகிப்போய் நன்றி சொன்னார். பேச்சு அவர் முழங்காலுக்குப் போனது. கழுத்து வலிக்காரர் எட்டிப் பார்த்தார். பூனைக்குட்டிக்காரர் புதுப் பூனையின் படம் போட்டார். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட அக்கா கவனிக்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுக் கணவர் வந்தார். "யாரோட இவ்வளவு சிரிப்பு?"

"நம்ம மீசைங்க! பாவம், எவ்வளவு சுலபமாக்கி வச்சாலும் அவருக்குத் தேடவே தெரியல."

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அக்கா அனுப்பிய பக்கத்தைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அடியில 'எழுதியவர்'னு ஒரு படம் போட்டிருக்கே, இது அந்த மீசைதானே?"