அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்

போட்டோக்காரர் நரேந்திரன் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்து ஐந்து நாளாகிவிட்டது. ரதிதேவி இன்னும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

"இஞ்சாருங்கோ, ஒரு படத்தையாவது காட்டுங்கோவன்."

"பொறும். எல்லாத்தையும் சின்னனாக்கிப்போட்டு ஒண்டாப் பாப்பம்," என்றார் கணவர் ஆனந்தராசா.

மகள் பிரணவியின் அரங்கேற்றப் படங்கள் என்று சொல்லிக் கொடுத்தவை. ரதிதேவியின் தமையன் இரத்தினசிங்கம் டொரொண்டோவிலிருந்து வந்து குத்துவிளக்கேற்றிவிட்டுப் போயிருந்தார். தங்கையின் கல்யாண ஆல்பத்தில் தன் தலை பாதி வெட்டுப்பட்டதற்காக பதினேழு வருடம் அவளோடு கதைக்காமலிருந்த மனிதர். இப்போதுதான் மனம் இளகியிருந்தது. படம் எங்கே என்று அவர் தினமும் கேட்க, மறுபடி கோபித்துவிடுவாரோ என்று ரதிதேவி பயந்தாள்.

அனுப்பலாம்தான். ஆனால் அவர்கள் குடியிருந்த பிளாக்ஹவுஸ் பே வீட்டு இணையத்துக்கு மாத அளவு உண்டு. படங்களோ ஒவ்வொன்றும் யானைக்குட்டி. ஆனந்தராசா தேடிப் படித்து, படத்தைச் சுருக்கும் 'வெப்பி' என்ற புதுக் கோப்பு வகையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். நாள் முழுக்கக் காப்புறுதிப் படிவம் நிரப்பும் மனிதருக்கு அது பட்டாபிஷேகம் நடந்தது போலிருந்தது.

தரம் நூற்றுக்கு எண்பது என்று போடச் சொல்லியிருந்தது. சிக்கனக்காரர், எட்டு என்று போட்டார். நாலு மெகாபைட் நாற்பது கிலோபைட்டானது. படத்தைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. எண்ணைப் பார்த்தே பூரித்தார். இனிப் பழையவை எதற்கு என்று டிஸ்கில் இருந்தவற்றை அழித்தார். சுருக்கியதை இணையத்தில் ஏற்றி, உறவுகளுக்கெல்லாம் இணைப்பை அனுப்பினார்.

இரண்டே நிமிடத்தில் பாரிஸ் சுந்தரி மாமியிடமிருந்து பதில் வந்தது. "எல்லாம் பாத்தன். பிள்ளை ஆடேக்கை அப்பிடியே கோயில் அம்மாள்தான்."

"பாத்தீரோ?" என்றார் ஆனந்தராசா.

"மாமி பாத்திட்டா. நான் எப்ப பாக்கிறது?"

அதற்குள் டொரொண்டோ அழைத்தது.

"மச்சான், என்ர ஃபோனில வெறும் வெள்ளைக் கட்டம்தான் கிடக்கு. இந்தமுறை என்னை முழுசா வெட்டிப்போட்டியளோ?"

பதில் சொல்லுமுன் இணைப்பு அறுந்தது. ரதிதேவி தன் ஃபோனைத் திறந்தாள். அதிலும் வெள்ளைக் கட்டம். அந்தப் புதுவகையைத் திறக்க அந்த ஃபோன்களுக்குத் தெரியாது. சுந்தரி மாமி எதைப் பார்த்தாரோ, அந்த அம்மாளுக்கே வெளிச்சம்.

ஆனந்தராசா இணையத்தில் ஏற்றியதையெல்லாம் நீக்கினார். கணினியில் இருந்த சுருக்கிய படங்களைப் பழைய வகைக்கே மாற்றும்படி கட்டளை எழுதினார். மாற்றிய கையோடு சுருக்கியதை அழித்துவிடவும் சொன்னார். படத்துக்கொரு பெயர் வைக்க மட்டும் மறந்துபோனார். கணினி சொல் தட்டாத பிள்ளை. அறுநூற்றுப் பன்னிரண்டையும் 'அரங்கேற்றம்' என்ற ஒரே பெயரில் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியது. மிஞ்சியது ஒரே ஒரு படம்.

பிரணவி எட்டிப் பார்த்தாள். "அப்பா, டிட் யூ பேக்கப்?"

அப்பா திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"அந்த ஒண்டையாவது காட்டுங்கோ," என்றாள் ரதிதேவி. "அண்ணை இனி இந்தச் சென்மத்தில கதைக்கமாட்டார்."

அவர் அந்தப் படத்தைச் சொடுக்கும்போது ஃபோன் அடித்தது. நரேந்திரன்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணு அரங்கேற்றப் படமெல்லாம் என்கிட்டயே இருக்கு. அன்னிக்கு டிஸ்கை மாத்திக் கொடுத்துட்டேன்."

ஆனந்தராசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தம்பி, நீர் நல்லா இருப்பீர்," என்றார் கண்கலங்க. ரதிதேவி அம்மாளைக் கும்பிட்டாள்.

திரையில் அந்த ஒற்றைப் படம் மங்கலாகத் திறந்தது. மாலையும் கழுத்துமாக யாரோ ஒரு மணப்பெண்.

"உங்ககிட்ட இருக்கறது பக்கத்து ஏரியா மவுண்ட் ஆல்பர்ட் டாக்டரம்மா கல்யாணப் படம் அண்ணே," என்றார் நரேந்திரன். "கேமரா கார்டை அழிச்சுட்டேன், வேற காப்பி கிடையாது. டிஸ்கை வாங்கிக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உங்க வாசல்லதான் நிக்கறாங்களாம்."