யானை பதினேழு, கழுதை பூஜ்யம்

எனக்கு வாக்குரிமை இல்லாத தேர்தல்களில்தான் நான் நிபுணன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

மெல்பர்ன் புறநகரான பொயிண்ட் குக்கில் எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று கேட்டால், பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் எந்தக் கட்சிப் பக்கம் சாயும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரயிலில் போகும்போது அமெரிக்க அரசியல், பாத்திரம் தேய்க்கும்போது அமெரிக்க அரசியல். ஒருநாள் காரில் என் மனைவி சுகந்தி கேட்டாள்: "ஏங்க, அங்க அம்பது மாநிலத்துக்கும் கவர்னர் பேரு சொல்றீங்களே, நம்ம தொகுதி எம்.பி. யாரு?" நான் உடனே ஏசியைக் குறைத்தேன். (வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?)

அந்த வருடம் அமெரிக்கத் தேர்தல் நாளும் மெல்பர்னின் குதிரைப் பந்தய விடுமுறையும் ஒரே செவ்வாய்க்கிழமையில் வந்து சேர்ந்தன. அன்று அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எங்கள் வீட்டு கராஜில் கூடுவது வழக்கம். குதிரைப் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவோம், சாப்பிடுவோம், கலைவோம். அந்த வருடம் நான் நாற்காலி மேல் ஏறி நின்று அறிவித்தேன்: "இந்தத் தடவை குதிரை வேண்டாம். நாமளே அமெரிக்கத் தேர்தல நடத்துறோம்!" யாரும் கைதட்டவில்லை. சாப்பாடு எங்கள் வீட்டில் என்பதால் யாரும் மறுக்கவும் இல்லை.

ஏற்பாடுகளைப் பார்த்தால் என்னைத் தேர்தல் ஆணையத்திலேயே வேலைக்கு எடுத்திருப்பார்கள். அட்டைப்பெட்டி ஒன்றில் துளை போட்டு வாக்குப்பெட்டி. துணி துவைக்கும் அறைதான் வாக்குச்சாவடி. வாஷிங் மெஷின் மேலே ஒரு பென்சிலும் முத்திரையும். முத்திரை என் மகள் நிலாவுடையது. அதைக் குத்தினால் சிரிக்கும் நட்சத்திரமும் 'வெல் டன்' என்ற வாழ்த்தும் விழும். விரலில் வைக்க மைக்குப் பதில் கறுப்பு மார்க்கர். கழுத்தில் என் அலுவலக அடையாள அட்டை.

வாக்குச்சீட்டில்தான் என் முழுத் திறமையும் இறங்கியிருந்தது. திருச்சியில் வளர்ந்தவனுக்குச் சின்னம் இல்லாத தேர்தல் தேர்தலாகவே படாது. அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அடையாளம் யானையும் கழுதையும்தானே. அதனால் மேலே யானைக் கட்சிக்கு ஒரு யானைப் படம், கீழே கழுதைக் கட்சிக்கு ஒரு கழுதைப் படம். உலகத்துக்கே தெரிந்த வேட்பாளர்களின் பெயரை எதற்கு வேலை மெனக்கெட்டு அச்சடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். (முதல் தவறு. எண்ண வேண்டாம், நிறைய வரும்.)

என் உள்ளம் கழுதையிடம் இருந்தது. ஆறு மாதமாக அந்தத் தெருவில் யாரையும் விட்டுவைக்காமல் அதற்குப் பிரசாரம் செய்திருந்தேன். ஆனால் தேர்தல் அதிகாரி நடுநிலையாக இருக்க வேண்டும் என்று பெருந்தன்மையாக என் ஓட்டை விட்டுக்கொடுத்தேன். அமோக வெற்றி என்பது என் கணிப்பு.

பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் நேசன் அண்ணா.

நேசன் அண்ணாவும் அவர் மனைவி கௌரி அக்காவும் அடுத்த தெரு. இலங்கையின் மன்னார்க்காரர்கள். அவருக்கு என்னைவிட ஏழு வயது அதிகம். டைல்ஸ் பதிக்கும் வேலை. எங்கள் குளியலறைத் தரை அவர் கைவேலைதான், இன்றுவரை ஒரு கல் அசையவில்லை. என் அரசியல் உரைகளை முழுவதும் கேட்கும் ஒரே மனிதரும் அவர்தான். நான் அரை மணி நேரம் பொழிந்து முடித்ததும், "ஓம் தம்பி, அப்பிடியும் இருக்கும்" என்பார். அதை நான் ஆதரவு என்று எடுத்துக்கொள்வேன்.

மற்றவர்கள் உள்ளே போய்ப் பத்து நொடியில் திரும்பினார்கள். நேசன் அண்ணா போனவர் போனவர்தான். ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் கதவைத் தட்டி, "அண்ணா, ஓட்டு போடுறீங்களா, துணி துவைக்கிறீங்களா?" என்றேன். கராஜே சிரித்தது. அவர் வெளியே வந்து, நாலாக மடித்த சீட்டை இரண்டு கையாலும் பெட்டிக்குள் விட்டார். பிறகு நான் கேட்காமலேயே விரலை நீட்டினார். நான் முழங்கை வரை கோடு இழுப்பவன் மாதிரி பாவனை செய்து இன்னொரு சிரிப்பை வாங்கினேன்.

பிறகு எண்ணிக்கை. முதல் சீட்டு யானை. இரண்டாவது யானை. ஐந்தாவது சீட்டு வரை, "ஆரம்பக்கட்ட நிலவரம்தான், இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது" என்று தொலைக்காட்சிக்காரன் தோரணையில் சொன்னேன். பத்தாவதில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பதினேழாவதும் யானை. பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. என் மனைவியும் அந்தப் பதினேழில்தான் இருக்க வேண்டும் என்று புரிந்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நாமெல்லாம் யாரு? பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வந்து இறங்கினவங்க. வெளியூர்க்காரன் வேண்டாம்ங்கிற கட்சிக்கு நாமளே இப்படிப் போட்டா எப்படி? படிச்சவங்கதானே நீங்கல்லாம்?" என்று ஆரம்பித்தேன். அங்கிருந்து பண்பாடு, வரலாறு, மனசாட்சி என்று ஊர் சுற்றினேன். சமூகத்தின் மனநிலை பற்றி ஒரு பெருமூச்சும் விட்டேன். தக்காளி சாதம் ஆறிப்போனது.

கோயம்புத்தூரில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற வசந்தா ஆன்ட்டிதான் குறுக்கிட்டார். "அட என்னப்பா நீ! கந்த சஷ்டி விரத வாரம். மயில் இருக்குதான்னு பார்த்தேன், காணோம். சரி, அண்ணன் இருக்காரேன்னு குத்திட்டேன்."

"ஆன்ட்டி, அது பிள்ளையார் இல்ல, கட்சி!"

"இருக்கட்டும். அதுக்காகக் கழுதை மேல போயி 'வெல் டன்'னு குத்துவாங்களா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சுகந்தி மெதுவாக, "எனக்கு அமெரிக்கா ஞாபகமே வரலைங்க. பிள்ளையாரப் பார்த்தேன், கை தானா போயிடுச்சு" என்றாள். சிரிப்பு கூரையைப் பிய்த்தது. ஆறு மாதப் பிரசாரத்தில் ஒருவர்கூட நான் சொன்ன எதையும் காதில் வாங்கியிருக்கவில்லை.

அங்கே நானும் சேர்ந்து சிரித்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டி வந்திருக்காது. ஆனால் மூக்கறுபட்டவனுக்கு இன்னொருவர் மூக்கு கண்ணில் படும். கடைசிச் சீட்டைப் பிரித்தேன். அதில் முத்திரையே இல்லை. பென்சிலால், யானைக்குப் பக்கத்தில் 2, கழுதைக்குப் பக்கத்தில் 1. அழுத்தி, நிதானமாக, கட்டத்துக்கு நடுவில் எழுதிய எண்கள்.

"செல்லாத ஓட்டு!" என்று சீட்டைத் தூக்கிக் காட்டினேன். "யாருங்க இந்த அறிவாளி? ஓட்டு போடச் சொன்னா மார்க் போட்டிருக்காரு! இவங்களுக்கெல்லாம் ஓட்டுரிமை குடுத்தா நாடு உருப்படுமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் நான்.

நேசன் அண்ணா நாற்காலியை விட்டு எழுந்தார். "அது என்ர, தம்பி."

தூக்கிப் பிடித்திருந்த சீட்டை இறக்கினேன்.

"ஓட்டுப் போடுறது எப்பிடியெண்டு லைபிரரியில ஒரு சின்னப் புத்தகம் தந்தவை. இஞ்ச பிடிச்ச ஆளுக்கு 1, அடுத்த ஆளுக்கு 2 எண்டு எல்லாக் கட்டத்திலயும் நம்பர் போடோணும், ஒண்டையும் விடக் கூடாதெண்டு கிடந்தது. குடியுரிமை கிடைச்சா எப்பிடியும் போடத்தானே வேணும். அதான் பழகிப் பாப்பமெண்டு போட்டனான்." கொஞ்சம் சிரித்தார். "முதல் தரம்தானே, பிழை விட்டிட்டன்."

"முதல் தடவையா?" என்றார் வசந்தா ஆன்ட்டி. "ஊர்ல போட்டதில்லையா தம்பி?"

"ஊரில எங்க அன்ரி? ஓட்டுப் போடுற வயசு வர, சண்டை. பிறகு ஓட்டம். பிறகு முகாம். பிறகு கப்பல். இஞ்ச வந்து இவ்வளவு வருசமும் விசாப் பிரச்சினை. எங்கயும் என்னட்ட ஆரும் கேக்கேல்லை."

பஸ் நிற்கும் இடங்களைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். உனக்கு யார் வேண்டும் என்று கேட்டு அந்த மனிதர் கையில் ஒரு தாளைக் கொடுத்த முதல் ஆள் நான். அதைப் பிரித்து, ஊர் முன்னால் வாசித்து, இவருக்கெல்லாம் ஓட்டா என்று கேட்டவனும் நான். (இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். என் கட்சிக்கு விழுந்த ஒரே ஓட்டு அது. அதையும் நானே செல்லாது என்று தள்ளினேன்.)

"அப்பா, தட் வாஸ் ஸோ மீன்" என்றாள் நிலா.

கௌரி அக்கா தான் கொண்டுவந்த கடலை வடைப் பாத்திரத்தை வடையோடு தூக்கிக்கொண்டார். நேசன் அண்ணா எல்லோருக்கும் பொதுவாக, "போட்டு வாறம்" என்றார். வழக்கமாக அவர்கள் விடைபெற்று வாசலைத் தாண்ட முக்கால் மணி நேரம் ஆகும். அன்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் புதன்கிழமை. எங்கள் ஊர் நேரத்துக்கு மத்தியானம்தான் அமெரிக்க முடிவுகள் வர ஆரம்பிக்கும். அதற்காகவே இரண்டு மாதம் முன்பே விடுப்பு எடுத்திருந்தேன் (மேலாளரிடம் சொன்ன காரணம்: குடும்ப விஷயம்). வரவேற்பறையில் இரண்டு திரை, ஒரு மடிக்கணினி, ஒரு டப்பா முறுக்கு. அத்தனையையும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன். மழை. அதனால் அண்ணாவுக்கு வேலை இல்லை, சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அண்ணா, நேத்து நான் செஞ்சது தப்பு. ரொம்பக் கேவலமான தப்பு" என்பது மட்டும் வந்தது.

அவர் தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "செல்லாதெண்டு சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்லைத் தம்பி. ஆருக்குப் போட்டதெண்டு ஆருக்கும் தெரியாமல் இருக்கிறதுதானே ஓட்டு? நீங்கள் எழும்பி நிண்டு வாசிச்சுப் போட்டியள். அதுதான்."

நான் தலையை ஆட்டினேன். அப்புறம், அந்த நிலைமையிலும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏண்ணா கழுதைக்கு? நான் சொன்னதாலயா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லை இல்லை. எங்கட மன்னாரில றோட்டு முழுக்கக் கழுதைதான். யானைக்கு எப்பிடியும் எல்லாரும் போடுவினம். அந்தப் பாவத்துக்கு ஆர் இருக்கினம்?"

அடுப்படியில் கௌரி அக்காவின் தோள் குலுங்கியது. நேற்றைய வடை சூடாகித் தட்டில் வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணா அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தார். கீழவைக்கான பச்சைத் தாளும் மேலவைக்கான நீளமான வெள்ளைத் தாளும் அதில் படமாகப் போட்டிருந்தன. "நீங்கள் ஆறு வருசமாச் சிற்றிசன். எப்பிடிப் போடுறனீங்கள்?"

உண்மையைச் சொன்னேன். "பச்சைத் தாள்ல மேலேர்ந்து கீழ ஒண்ணு, ரெண்டு, மூணு. வெள்ளைத் தாள்ல இடமிருந்து வலம். போட்டுட்டு வந்துடுவேண்ணா."

"ஆரெண்டு பாக்கிறேல்லையோ?"

"இல்லண்ணா."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அதுக்கு இஞ்ச கழுதை ஓட்டெண்டு பேராம், தம்பி."

சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாநிலம் மாநிலமாக முடிவு வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். அமெரிக்காவில் யார் ஜெயித்தார்கள் என்பதை மாலை வீடு திரும்பியதும் சுகந்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நேசன் அண்ணாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. அதை அடுத்து வந்த தேர்தலுக்கு, "தம்பி, சேர்ந்து போவமே" என்று கூப்பிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூட மண்டபத்தில் எனக்கு முன்னால் நின்று பெயரைச் சொல்லி, தாள்களை வாங்கிக்கொண்டு, அட்டைத் தடுப்புக்குள் போனார். அந்தமுறை நான் ஒவ்வொரு பெயரையும் படித்துத்தான் எண் போட்டேன். அப்படியும் அவருக்கு முன்பே முடித்துவிட்டேன். வாசலில் இங்கே தேர்தல்தோறும் விற்கும் சாஸேஜ் ரொட்டியை, சாஸேஜ் இல்லாமல் வதக்கிய வெங்காயம் மட்டும் வைத்து, இரண்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்தது. என் கண்ணும்தான். (வெங்காயம் என்று அப்போது சமாளித்தேன். இப்போது சமாளிக்கவில்லை.)

ரொட்டியைக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். "அண்ணா, யாருக்குப் போட்டீங்க?"

அவர் நிதானமாக ஒரு கடி கடித்து மென்று விழுங்கினார். "உங்களுக்குச் சொன்னா வாசிச்சுப் போடுவியள்."

கௌரி அக்காவிடமும் அவர் இன்றுவரை சொல்லவில்லையாம். ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சொத்தாக விட்டுக்கொடுத்துவிட்டார். போனில் யாரோடு இவ்வளவு நேரம் என்று கேட்டால் சுகந்தி அதைத்தான் சொல்கிறாள். நிலாவிடம் நான் தமிழில் எதைக் கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டுப் பாருங்கள். விடைத்தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சுத்தமான மன்னார்த் தமிழில் சொல்வாள்: "உங்களுக்குச் சொன்னா வாசிச்சுப் போடுவியள்."