எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிய படலம்

வாழ்க, வாழ்க! வாயில நாலு ஸ்க்ரூ கவ்விய வீரன் வாழ்க! ஸ்டூல் மேல முக்காலி போட்டு, முக்காலி மேல முட்டி நடுங்க நின்ற மூவுலகத் தீரன் வாழ்க! துளைபோடும் மெஷின் தூக்கிய தோளோன், செங்கல்தூள் பூசிய செம்மேனியோன், பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாதியில் மறந்தும் பதறாத நெஞ்சன், வீட்டோட மாப்பிள்ளை வாழ்கன்னு எல்லாரும் ஒரு தடவை சத்தமா சொல்லிடுங்க, அப்பதான் கதை நல்லா வரும்.

அடுத்தது கடவுள் வாழ்த்து. பாத்ரூம் வென்டிலேட்டர்ல, கண்ணாடிப் பட்டைக்கும் ஒட்டடைக்கும் நடுவுல, வாடகை குடுக்காம வாழுற பல்லியே! நடந்தது பூரா மேலேருந்து பாத்தது நீ ஒருத்திதான். என் நாக்குல ஏறி உக்காந்துக்கோ. வேணாம் வேணாம், பக்கத்துல உக்காந்துக்கோ, போதும்.

சரி, கதைக்கு வர்றேன். பொண்டாட்டி வீட்டுக்கே குடிவந்த அந்த மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது. அதுதான் அவரோட குறை. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனா மாமியார் கையிலேருந்து பிடுங்கிக்குவாங்க. துடைப்பத்தைத் தொட்டா மாமனார் நாற்காலியை இழுத்துப் போடுவாரு. வாழ்நாள் பூரா பட்டறையில ஆளுங்களை அதட்டியே வேலை வாங்கின மனுஷன், இடிமுழக்கத்துக்கே குரல் பயிற்சி குடுக்கக்கூடியவரு, இவரைப் பாத்தா மட்டும் பஞ்சு மாதிரி "நீங்க உக்காருங்க மாப்ள"ம்பாரு. எல்லாருக்கும் டீ நசுங்கின டம்ளர்ல வரும், இவருக்கு மட்டும் பூப்போட்ட கப்புல, அடியில சாசரோட வரும். அந்தச் சாசரைப் பாத்தாலே அவருக்கு ஏதோ ஹோட்டல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் பக்கம் மச்சான். அவன் குடுத்து வச்சவன். "தடிமாடு, பைப்பை மூடுடா!", "கழுதை, லைட்டை அணைடா!", "எருமை, குப்பையைக் கொட்டிட்டு வாடா!"ன்னு விடிஞ்சதுலேருந்து அடையிற வரைக்கும் மாமனார் திருவாயிலேருந்து பூமாரியா பொழியும். அவன் அதுல நனையாம, போனைப் பாத்துக்கிட்டே, "ம்"பான். மாப்பிள்ளை இந்தப் பக்கம் சாசரோட உக்காந்து, மழைக்கு ஏங்குற மானாவாரிப் பயிர் மாதிரி, ஒரு துளி நம்ம பக்கம் தெறிக்காதான்னு பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒருநாள் தாங்க முடியாம பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டாரு: "உங்கப்பா என்னை ஒரு எருமைன்னுகூட நினைக்கலடி."

"லூசாங்க நீங்க?"ன்னா அவ. அது கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

அப்பேர்ப்பட்ட வீட்டு பாத்ரூம்லதான் ஆவியரசன் கொடுங்கோல் ஆட்சி நடத்திக்கிட்டிருந்தான். வெந்நீர்க் குழாயில பிறந்து, கண்ணாடியை மறைச்சு, துண்டை நாற வச்சு, கூரையில கரும்பூஞ்சைக் கொடி ஏத்தி, கடைசியா மரக்கதவையும் ஊற வச்சு உப்ப வச்சு, தாழ்ப்பாள் விழாத அளவுக்கு அவன் அட்டூழியம் முத்திப்போச்சு. தாழ்ப்பாள் விழலேன்னா உள்ள ஆள் இருக்குன்னு எப்படித் தெரியும்? அதனால அந்தக் குடும்பத்துல குளிக்கிறவங்க பாடிக்கிட்டே குளிக்கணும்னு சட்டம். மாமியார் தாலாட்டு, மச்சான் என்னமோ கத்துவான், மாமனார் தொண்டையைச் செருமியே சமாளிச்சிடுவாரு. மாப்பிள்ளைக்குப் பாட்டு வராது. வாய்ப்பாடு சொல்வாரு. பதினாறாம் வாய்ப்பாடு. பதினாறேழு நூத்திப் பன்னெண்டு வரைக்கும் குதிரை மாதிரி ஓடும், எட்டுல தடுக்கும், சத்தம் நிக்கும், வெளிய யாராவது கைப்பிடியில கை வச்சிடுவாங்க. சோப்பு நுரையோட "ஆளிருக்கு, ஆளிருக்கு!"ன்னு அலறின அலறல் எத்தனை!

ஃபேன் இல்லாம இல்ல. மாமனார் எப்பவோ வாங்கிட்டாரு. மாட்டுடான்னு மச்சான்கிட்ட குடுத்தாரு, அவன் அந்தப் பெட்டி மேல உக்காந்து ஷூ மாட்ட ஆரம்பிச்சான். அந்த ஞாயித்துக்கிழமை மாமனார் "சோம்பேறி! தண்டச்சோறு!"ன்னு நரசிங்கமா நின்னப்பதான், மாப்பிள்ளை சாசரைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு, ஹாலே அதிர ஒரு சபதம் போட்டாரு:

"மாமா! அந்த ஃபேனை நான் மாட்டுறேன். மாட்டி முடிக்கிற வரைக்கும் இந்தக் கை பூப்போட்ட கப்பைத் தொடாது!"

வீடே உறைஞ்சு போச்சு. மிக்சிகூட நின்னுச்சு. (மாமியார் நிறுத்தினாங்க.)

"ஐயோ, நீங்க எதுக்கு மாப்ள கஷ்டப்பட்டுக்கிட்டு?"ன்னாரு மாமனார், குரல் மறுபடியும் பஞ்சாகி. "எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லிக்கலாம்."

"சொன்னது சொன்னதுதான் மாமா."

மாமனார் தலையாட்டிட்டாரு. மாப்பிள்ளை சொல்லை மறுக்கிற வாய் அந்த வீட்டுல இன்னும் பொறக்கல. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால பெரிய ஆபத்தா வரப் போகுது.

போர்க்கோலம் பூண்டாரு மாப்பிள்ளை. தலைக்கு ஈரத்துண்டு கிரீடம். கண்ணுக்கு மச்சானோட நீச்சல் கண்ணாடி. இடுப்புல அளவு டேப்பு, வலக்கையில மாமனார் பட்டறைக் காலத்து ட்ரில் மெஷின், இடக்கையில ஸ்க்ரூ டிரைவர். பாத்ரூம் லைனோட பிரேக்கரை இறக்கிட்டு, அதை யாரும் ஏத்தாம பாத்துக்கோன்னு மச்சானைக் காவலுக்கு நிறுத்தி, ஹால்லேருந்து ட்ரில்லுக்கு ஒயர் இழுத்து, ஸ்டூல் மேல முக்காலி ஏத்தி, முக்காலி மேல தன்னை ஏத்தி நின்னாரு பாருங்க, குன்றின் மேல் களிறு நின்ற கோலம். களிறுக்குக் கீழ குன்று லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு, அதை விட்டுடுங்க.

முதல் போர் கண்ணாடிப் பட்டைகளோட. வெள்ளையடிச்சு வெள்ளையடிச்சு சட்டத்தோட ஒண்ணாப் போன பட்டைங்க, சுரண்டினா வரல, தட்டினா வரல, கெஞ்சினப்ப ஒண்ணு வந்துச்சு. அது போன சந்துல ஆவியரசன் அந்தப்புரமே கலைஞ்ச மாதிரி ஒட்டடை சரியுது, ஒட்டடைக்குள்ளேருந்து நம்ம பல்லி அம்பாப் பாஞ்சு மாப்பிள்ளை சட்டைக் காலருக்குள்ள குடிபுகுது, மாப்பிள்ளை ஆடுறாரு, முக்காலி ஆடுது, ஸ்டூல் ஆடுது, கீழ பொண்டாட்டி "இறங்குங்க, இறங்குங்க!"ன்னு கத்துறா, அவ்வளவு ஆட்டத்துலயும் வாயில கவ்வின நாலு ஸ்க்ரூல ஒண்ணுகூட விழல. வீரம்னா அது.

அடுத்தது சுவர்ப் போர். ட்ரில் உறுமுது, சுவர் கத்துது, செங்கல் தன் செங்குருதியைப் பொடிப் பொடியாக் கக்குது. பாதிப் பொடி உள்ள விழுந்து பக்கெட்டைச் சிவப்பாக்குச்சு. மீதிப் பொடி வெளிய சன்ஷேடு மேல போய்க் குவிஞ்சுச்சு. அங்க ஏற்கெனவே புறாக்கள் தலைமுறை தலைமுறையா சேத்து வச்ச இறகும் சுள்ளியும் காஞ்ச எச்சமும் காத்துக்கிட்டு இருந்துச்சு, "வாப்பா, நீயும் வந்து உக்காரு"ங்கிற மாதிரி.

நாலு துளை. நாலு துளையிலயும் பிளாஸ்டிக் ஆப்பு. இனி ஃபேனைத் தூக்கி வைக்கணும். சட்டத்துல ஒரு அம்புக்குறி போட்டிருந்துச்சு. காத்து எந்தப் பக்கம் போகும்னு காட்டுற அம்பு அது, சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனா மாப்பிள்ளை அப்ப போர்க்கள வெறியில இல்ல நிக்கிறாரு! எதிரி எங்க? ஆவி உள்ள. அப்ப அம்பு எந்தப் பக்கம் பாக்கணும்? எதிரியைப் பாத்துதானே! அம்பை உள்பக்கம் பாக்க வச்சு, "ஆவியே, உன் கதை முடிஞ்சது!"ன்னு முழங்கி, ஃபேனைத் தலைகீழா மாட்டி முடுக்க ஆரம்பிச்சாரு.

இப்பதான் நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன ஆபத்து வருது. எல்லாரும் பாத்தாங்க. மாமியார் பாத்துட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு சமையலறைப் பக்கம் போயிட்டாங்க. மச்சான், "மாமா, அந்த அம்பு..."ன்னு வாயைத் திறந்தான், அக்கா அவன் இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளினா, மூடிக்கிட்டான். கூட்டாளி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில அன்னப்பறவை மாதிரி வந்து பாத்ரூம் வாசல்ல நின்ன மாமனார், பட்டறையையே கட்டி ஆண்ட கண்ணால ஒரே பார்வையில தப்பைப் பிடிச்சாரு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கினாரு.

"நல்லா... நல்லா மாட்டியிருக்கீங்க மாப்ள. காத்து மட்டும்... இல்ல, ஒண்ணுமில்ல. பிரமாதம்."

கடைசி ஸ்க்ரூ முடுக்கி ஆச்சு. ஒயர் சேத்தாச்சு. மாப்பிள்ளை கீழ இறங்கி, சேனைக்கு முன்னால தளபதி மாதிரி கைதூக்கி, "மச்சான்! பிரேக்கரை ஏத்து!"ன்னு ஆணையிட்டு, மாமனாரை மரியாதையா ஃபேனுக்கு நேர் எதிர்ல நிறுத்தி வச்சு, சுவிட்சைத் தட்டினாரு.

ஊழிக்காத்து! கடலே வாசல் வழியா உள்ள வந்த மாதிரி வெளிக்காத்து உள்ள பாய, சன்ஷேடு தன் புதையலை வாரி வழங்க, முதல்ல இறகுமழை, அது மேல எச்சப்புழுதி, அதுக்கும் மேல அன்னிக்கே அரைச்ச புத்தம்புது செங்கல்பொடி, அத்தனையும் ஒரு பொட்டு குறையாம, திசை மாறாம, அந்தக் கஞ்சிச் சட்டை மேல போய் இறங்குச்சு. கண்ணைத் திறந்து பாத்தா அங்க மாமனாரைக் காணோம். மாமனார் அளவுல ஒரு செம்மண் சிலை நிக்குது, மீசையில ஒரு புறா இறகு.

சிலை வாயைத் திறந்துச்சு.

"டேய்! அறிவிருக்காடா உனக்கு? அம்பு போட்டிருக்கான் இல்ல? கண்ணை என்ன காலுக்கடியிலயா வச்சிருக்க? காத்தை வெளிய தள்ளுற ஃபேனை உள்ள ஊத விட்டு நிக்கிறியே, எருமை, எருமை!"

எருமை! ரெண்டு தடவை!

"ஏங்க!"ன்னு மாமியார் சமையலறையிலேருந்து ஓடி வந்தாங்க. "மாப்பிள்ளைங்க அது!"

மாமனாருக்கு அப்பதான் உறைச்சுது. செம்மண்ணுக்கு அடியில முகம் வெளிறிப்போச்சு. கை ரெண்டும் தானா குவிய ஆரம்பிச்சுது. "மாப்ள... நான் வேணும்னு... வாய் தவறி..."

நம்ம தீரன் நீச்சல் கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினாரு. கண்ணைச் சுத்தி ரெண்டு வட்டம் மட்டும் வெள்ளையா, மீதி மூஞ்சி பூரா செவப்பா, அதுக்கு நடுவுல காது வரைக்கும் ஒரு சிரிப்பு. பரிசு வாங்கின பிள்ளைகூட அப்படிச் சிரிக்காது. குவியப் போன அந்தக் கையைப் பிடிச்சு, கூப்ப விடாம, நேரா கொண்டு போய் ஸ்டூல் மேல வச்சாரு.

"இப்பவே திருப்பி மாட்டிடுறேன் மாமா. நீங்க ஸ்டூலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, ஆடுது. சொல்ல வந்ததை நிறுத்தாதீங்க, சொல்லிக்கிட்டே பிடிங்க."

மாமனார் ஒரு நிமிஷம் அவரையே பாத்தாரு. மகளைப் பாத்தாரு. மக தலையாட்டினா. மீசையிலேருந்து இறகைப் பிடுங்கிப் போட்டுட்டு, ஸ்டூலை இறுக்கிப் பிடிச்சாரு.

அப்புறம் பொழிஞ்சுது பாருங்க மழை! "பிரேக்கரை இறக்கிட்டு ஏறுடா மடையா!", "ஸ்க்ரூவை எதுக்கு வாயில வைக்கிற, அது என்ன மிட்டாயா?", "இடது பக்கம்... இடதுடா, நீ சோறு திங்கிறது எந்தக் கை?"ன்னு, இத்தனை நாள் அணை கட்டித் தேக்கி வச்சதெல்லாம் கரையுடைச்சுப் பாய, அதுல முங்கி முங்கிக் குளிச்சுக்கிட்டே, மாப்பிள்ளை அம்பை வெளிப்பக்கம் திருப்பி, நாலு ஸ்க்ரூவையும் முடுக்கி, பிரேக்கரை ஏத்தி, சுவிட்சைத் தட்டி, வெந்நீர்க் குழாயை முழுசாத் திறந்து விட்டாரு. படை திரட்டி எழும்பின ஆவியரசன் ஃபேனைப் பாத்தான், ஒரு கணம் தயங்கினான், வாலைச் சுருட்டிக்கிட்டு வென்டிலேட்டர் வழியா வெளிய ஓடினான். கண்ணாடி தெளிஞ்சுது. பல்லி "ச்சு ச்சு"ன்னுச்சு.

சாயங்காலம் டீ வந்துச்சு. பூப்போட்ட கப்பைக் காணோம். எல்லாருக்கும் நசுங்கின டம்ளர், மாப்பிள்ளைக்கு இருக்கறதுலயே ரொம்ப நசுங்கினது. அதை ரெண்டு கையாலயும் வெற்றிக்கோப்பை மாதிரி ஏந்தி அவர் உறிஞ்சிக்கிட்டு இருக்கறப்ப, பேப்பருக்குப் பின்னாலேருந்து மாமனார் குரல் கேட்டுச்சு: "அந்த வாசல்ல இருக்கிற குப்பையை இன்னும் கொட்டலையா?"

மச்சான் பழக்கத்துல எந்திரிச்சான்.

"நீ உக்காரு. அவன் போவான்."

மாப்பிள்ளை போய்க் குப்பையைக் கொட்டிட்டு வந்தான்.