ஜீரோவில் நின்ற முள்

"மாமா, எல்லா ப்ளக்கையும் உருவியாச்சுல்லா? ஒண்ணு மாட்டிக் கிடந்தாலும் நல்ல வயரையே கெட்டதுன்னு காட்டிரும்" என்றான் சுயம்பு.

"ஒங்க அத்த உருவிட்டா. பராபர் ஹை, எல்லாம் சரியா இருக்கு. நீ ஒன் வித்தையக் காட்டு" என்றார் பிரம்மநாயகம்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்பவர் அவர். அவர் மகள் கோகிலவாணியைத்தான் சுயம்பு பெண் கேட்டிருந்தான். "மழைக்கு முன்னால எங்க வீட்டு வயரிங்க சோதிச்சுக் காட்டு. பொறவு பொண்ணு விஷயம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார்.

தன் பேட்டையான ஆண்டாப் ஹில்லில் தன்னை மிஞ்சிய வயர்மேன் கிடையாது என்பது சுயம்புவின் கருத்து. மெயினை அணைத்து, வயரைச் சோதிக்கும் மெகர் பெட்டியின் கம்பிகளை மாட்டினான்.

"இப்ப பாருங்க மாமா. வயரு கெட்டிருந்தா முள்ளு ஜீரோவுல நிக்கும். நல்லா இருந்தா அந்தக் கோடிக்கு ஓடும்."

சாத்தியிருந்த சாமி அலமாரிக்கு முன்னால் பிரம்மநாயகத்தின் மனைவி சொர்ணம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். அவளுக்குப் பையனை ரொம்பவே பிடித்திருந்தது.

சுயம்பு கைப்பிடியைச் சுற்றினான். முள் ஜீரோவிலேயே நின்றது.

"கிச்சன் ஈரந்தான் மாமா. இந்தா, முடிச்சிருதேன்."

பழைய வயரை இழுத்த வேகத்தில் பலகை பெயர்ந்து, அதன் மேல் சாயங்கால வியாபாரத்துக்கு வைத்திருந்த மாவுப் பானை தரையில் கவிழ்ந்தது. புது வயர் ஓடியது. முள் ஓடவில்லை.

"அப்ப ஹாலுதான். சந்தேகமே இல்ல" என்றான், கொஞ்சமும் தெம்பு குறையாமல்.

போன வாரம் பெயிண்ட் அடித்த சுவர் கொத்தப்பட்டது. ஃபேன் கழற்றப்பட்டது. திரைக்குப் பின்னால் கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். அங்கேயும் புது வயர் போட்டு, மறுபடி கைப்பிடியைச் சுற்றினான்.

முள் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பெட்டி கோளாறோ?"

"சேச்சே! மெகர் பொய் சொல்லாது மாமா."

"அப்ப நீதான் கோளாறு. ஒரு வீட்டப் பாக்கத் தெரியல, எம் பொண்ண எப்படிவே பாத்துக்கிடுவ? கெளம்பு."

சுயம்பு பெட்டியை மூடினான். நிஜமாகவே அழுகை வந்தது.

சொர்ணம்மாள் சாமி அலமாரியைத் திறந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செந்தூரு முருகா, நீயும் கைவிட்டுட்டியே! இந்தப் புள்ள ஜெயிக்கணும்னுதான, எல்லாத்தையும் உருவச் சொன்னப்பவும் ஒன் பல்பு ப்ளக்க மட்டும் உருவாம விட்டு வச்சேன்!"