மிஞ்சிய பித்தளை வளையம்

கடைசி போல்ட்டை முறுக்கி முடித்த ராஜதாஸ், உதிரிகளைக் கழுவ ரோட்டோரம் வைத்திருந்த மண்ணெண்ணெய்ச் சட்டியைத் தூக்கப் போனான். சட்டிக்குள் அடியில் ஒரு பித்தளை வளையம் கிடந்தது.

"இது எங்க உள்ளது?" என்றார் ஜீப்புக்காரர் நிக்கோலஸ்.

ராஜதாஸுக்கும் தெரியவில்லை. உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒர்க்‌ஷாப் வைத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. அவன் பூட்டிய வண்டியில் ஒரு திருகாணிகூட மிஞ்சியதில்லை.

காரோட்டுக் கடப்புறத்தில் வள்ளம் இழுக்கும் ஜீப் அது. மணலில் நான்கு சக்கரமும் பிடிக்க வேண்டும். கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் இன்ஜினின் இழுவையை முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும். அதற்குள் நடுப்பல்சக்கரம் இரண்டு பித்தளை வளையங்களுக்கு இடையே சுழலும். வளையம் தேய்ந்தால் சக்கரம் ஆடும். ஆடினால், நன்றாக இழுக்கிற நேரம் பார்த்து கியர் நழுவும். அந்த இரண்டையும் மாற்றியாகிவிட்டது; தேய்ந்த பழையவை இரண்டும் தனியே கிடந்தன. இது மூன்றாவது.

"பட்டாளத்துல ஏலத்துல எடுத்த வண்டியாக்கும். அங்க மூணு போட்டிருப்பான்," என்றான் ராஜதாஸ்.

"என்னமும் செய்யி. நாளைக்கு மழை பிடிக்கும். கடலு கேறினா எனக்க வள்ளம் போச்சு."

"ஒரு சாயா குடிச்சா புத்தி தெளியும். அக்கா, ரெண்டு சாயா."

"ஸ்டவ்வு எரியேல மக்கா," என்றாள் எதிர்க்கடை புஷ்பபாய். "காலையில இருந்து சாயா இல்ல."

சாயா இல்லாமலே பெட்டியைக் கழற்றி, மூன்றாவது வளையத்தையும் நடுச்சக்கரத்தோடு சேர்த்துப் பூட்டினான். நிக்கோலஸ் ஏறி லீவரை இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

"மேஸ்திரி, குமிழு கையில வந்தாச்சு."

"இறுக்கம் கூடிப்போச்சு அண்ணா. சக்கரம் சுத்த ஒரு மயிரிழை இடம் வேணும்."

மறுபடி கழற்றினான். இம்முறை வளையத்தைப் பின்மூடிக்கு அடியில் வைத்தான். அங்கே கனம் கூடினால் தண்டு முன்னும் பின்னும் அலையும். அலைந்தது. ஊளையிட்டுக்கொண்டு பாறசாலை வளைவு வரை ஓடிய ஜீப்பில், லீவர் துள்ளி நிக்கோலஸின் கால்முட்டில் அடித்தது. மூடியின் இடைவெளியில் ஒழுகிய எண்ணெயில் வழுக்கி, பின்னால் வந்த ஊர்க்காரர் நேசையன் சைக்கிளோடு வாழைத்தோட்டத்துக்குள் இறங்கினார்.

"நல்ல வேலைதான் பாக்குத," என்று வாழைக்குள்ளிருந்து குரல் வந்தது.

திரும்பி வரும்போது மேற்கே வானம் கறுத்துவிட்டது. ராஜதாஸ் பெட்டியை மூன்றாம் முறை கழற்றிவிட்டு, வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன்," என்றார் நிக்கோலஸ்.

"வண்டிக்கா?"

"வண்டிக்கு ஒண்ணு. உனக்கு ரெண்டு."

அப்போது புஷ்பபாய் ரோட்டைக் கடந்து வந்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ராஜதாஸின் கையைப் பார்த்தாள்.

"எலே, அதத் தா. கரி விடட்டும்னு காலையில நான் உனக்க சட்டியில ஊறப்போட்ட ஸ்டவ்வு வளையமாக்கும் அது; நீ மொதல்ல பூட்டின மாதிரி ரெண்ட மட்டும் போட்டுப் பூட்டு, நான் சாயா போட்டுக்கிட்டு வாறேன்."